போத்தலில் போன நல்ல தண்ணீர்

சேற்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொட்டியாரக் குடாவில் ஐஸ் என்றால் மீனுக்குத்தான். எங்கள் படகுக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் கேட்டார்:

"சேறு பழுதாப் போயிருமோ மிஸ்? ஆணம் காய்ச்சப் போறீங்களோ?"

"ஓம் நானா, சேத்துக் குழம்பு. உங்களுக்கும் ஒரு கோப்பை அனுப்பிவிடுறன்."

"வேணாம் மிஸ். எங்கட வீட்ட ஏற்கனவே அப்பிடித்தான் வெக்கிறாங்க."

மிஸ் சிரித்து முடிப்பதற்குள் படகு ஒரு ஆட்டம் ஆடியது. பெட்டியை என்னிடம் தந்துவிட்டு ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, குழாயில் எழுத வேண்டிய எண்ணை எழுதினார். அந்த ஆறு வாரமும் இப்படித்தான். ஒரு நாளாவது "போதும், திரும்புவோம்" என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் படகில் என் வேலை, நீளமான பிளாஸ்டிக் குழாயைக் கடலடிச் சேற்றில் குத்தி இறக்கி, மேல்வாயை இறுக்கி அடைத்து, உள்ளே இருப்பது சிந்தாமல் இழுத்தெடுப்பது. துறைமுகத்தின் அடியில் என்னென்ன உலோகம் படிந்து கிடக்கிறது என்று மிஸ் ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். திருகோணமலை டவுனில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் மண்ணையும் பாறையையும் படித்தவர். எனக்கு அவரை விடப் பத்து வயது கூட. அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை மிஸ் என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட ஞாபகம் இரண்டு பேருக்கும் இல்லை.

நான் கட்டைபறிச்சானில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டையால் நின்றது என்று சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்; உண்மையில் சண்டை மறுபடி எங்கள் ஊருக்கு வருமுன்பே கணக்குப் பாடம் என்னை வெளியே தள்ளிவிட்டது. அதன் பிறகு முகாம், வள்ளம், கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை, அங்கே விழுந்து முழங்காலுக்குள் கம்பியோடு திரும்பியது, வடக்கே கண்ணிவெடி அகற்றும் வேலை, அது முடிந்ததும் கையில் அகப்பட்டது எல்லாம். ஒரே இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

சேற்று ஆராய்ச்சி முடிந்ததும் மிஸ் தன் அறிக்கையைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி, மீனவர் சங்கக் கூட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனார். யாரும் கேட்டு அல்ல, அவராகவே. படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க நானும் போனேன். அவர் பேசி முடித்ததும் முன் கதிரையில் இருந்த ஒருவர் எழும்பினார்.

"அப்ப இந்த மீனைத் திங்கலாமோ, திங்கக் கூடாதோ?"

"அதைச் சொல்ல இன்னும் ஆராயோணும் ஐயா."

"அப்ப இவ்வளவு நாளும் என்ன பிள்ள ஆராய்ஞ்சது?"

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல, பகல் முழுக்க வெயிலில் நின்றவர்களின் சிரிப்பு. வெளியே வந்து பஸ் நிலையத்தில் இருந்தபோது மிஸ் சொன்னார்: "அண்ணன், அவர் கேட்டதில ஒரு பிழையும் இல்ல."

அதற்கு அடுத்த வருடம் அவர் வெளிநாடு போய், அகதி முகாம்களுக்கும் வறண்ட ஊர்களுக்கும் தண்ணீர் கொடுக்கும் பொறியியல் படித்தார். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது நான் குச்சவெளியில் களப்பில் இறால் பிடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணன், இப்ப சேறு இல்ல, தண்ணி. ஆக்கள் குடிக்கிற தண்ணி. வாறீங்களோ?"

எனக்கும் கால் அரித்துக்கொண்டிருந்த நேரம்தான். போனேன்.

அவர் சேர்ந்திருந்தது ஒரு உதவி நிறுவனம். அவர்களிடம் ஒரேயொரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான உதவி வந்திருந்தது. அதை இரண்டு ஊர்களில் ஒன்றுக்குக் கொடுப்பார்கள். எந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கூட மோசமோ, அந்த ஊருக்கு. ஒரு ஊரை மிஸ் பார்க்க வேண்டும், மற்றதை இன்னொரு குழு பார்க்கும். எங்களுக்கு வந்த ஊர், இலங்கைத்துறைக்குப் போகும் தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் விளங்கும்.

அந்த ஊர்த் தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். கேத்தலின் அடியில்தான் தெரியும், விரல் நகம் தடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை. பெரிய பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாலைந்து வீட்டில் ஒருவருக்கு என்ற மாதிரிச் சிறுநீரக வருத்தம். தண்ணீரால்தான் வருகிறது என்று மிஸ் ஒரு நாளும் அடித்துச் சொன்னதில்லை. "சந்தேகம் இருக்கு, அதுவே காணும்" என்பார்.

முதல் வாரம் நிலத்தைச் சோதித்தோம். நாலு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் அடித்து, வயர் பூட்டி, மின்சாரம் அனுப்பி, கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கருவியில் பார்ப்பது. கம்பி அடிப்பது நான். வேலியோரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் மூன்று நாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் கிட்ட வந்தார்.

"உண்மையைச் சொல்லு தம்பி. இயக்கம் புதைச்ச தங்கம்தானே தேடுறியள்?"

"இல்லயண்ணை, தண்ணி."

"தண்ணி தேட இவ்வளவு வயர் என்னத்துக்கு? எனக்கும் ஒரு பங்கு தந்தால் வாயைத் திறக்க மாட்டன்."

மிஸ் அவரைக் கூப்பிட்டுக் கருவியின் முன் இருத்தி, ஒவ்வொரு எண்ணையும் காட்டி விளக்கினார். அவர் கடைசிவரை நம்பவில்லை. ஆனால் மறுநாள் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஊரில் நாங்கள் போனால் சாப்பிடும் வீடு ஒன்று இருந்தது. தெருவின் கடைசி வீடு. அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன; கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஊருக்குக் கிழமையில் ஒரு தரம் பவுசர் என்கிற தண்ணீர் லொறி வரும். ஒரு வீட்டுக்கு ஒரு கேன். அந்த நல்ல தண்ணீரை அக்கா குசினிக்குள் தனியாக மூடி வைத்து, புருஷனுக்கு மட்டும் அளந்து கொடுப்பார். மருத்துவமனையில் அப்படிச் சொல்லியிருந்தார்கள். அவரும் மகளும் கிணற்றுத் தண்ணீர்தான். நாங்கள் போனால் எங்களுக்கு வரும் தேநீர் மட்டும் அந்தக் கேன் தண்ணீரில் வந்தது. தேநீரில் அந்தப் படிவுச் சுவை இல்லாததை வைத்து மிஸ்தான் கண்டுபிடித்தார்.

"அக்கா, எங்களுக்கு அந்தத் தண்ணி வேண்டாம். கிணத்துத் தண்ணியில போடுங்கோ."

"வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு அந்தக் கல்லுத் தண்ணியைக் குடுக்கிறதோ பிள்ள? அவ்வளவுக்கு நாங்கள் கெட்டுப் போகேல்ல."

அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இரண்டாம் வாரம் கிணறுகளில் தண்ணீர் எடுக்க வேண்டும். இருபத்து நாலு கிணறு, இருபத்து நாலு போத்தல். ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் ஒட்டியிருந்தது. அன்று பார்த்து மிஸ்ஸை டவுன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நிலையத்தின் வரைபடத்தைக் கூட்டத்தில் காட்ட வேண்டுமாம். தண்ணீரைத் தொட்டவுடன் உப்பின் அளவு காட்டும் சிறிய கருவியும் மற்றக் குழுவிடம் போயிருந்தது. போத்தல்கள் மறுநாள் காலை ஆய்வுகூடத்துக்குப் புறப்பட வேண்டும், தள்ளிப்போட ஏலாது. மிஸ் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார்.

"அண்ணன், ஒவ்வொரு கிணத்திலயும் உங்கட கையால அள்ளோணும். எங்கட வாளியால. மூண்டு தரம் போத்தலைக் கழுவிப்போட்டு நிரப்புங்கோ. வேற ஆரிட்டயும் குடுக்காதீங்கோ."

"ஓம் மிஸ்."

"எதுக்கெண்டு கேட்டால் தண்ணி பாக்க எண்டு மட்டும் சொல்லுங்கோ. கூடாத தண்ணிக்குத்தான் பிளாண்ட் வரும் எண்டு தெரிஞ்சால் ஆராவது உப்பைப் போட்டுவிடுவினம்."

அது அலுவலகத்தின் விதி. போட்டி இருப்பதை ஊருக்குச் சொல்லக் கூடாது.

கண்ணிவெடி வேலையில் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தை ஒரு நாள் முழுக்க முழங்காலில் நின்று தடவியவன் நான். சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியாதவன் அல்ல. ஆனால் அந்த ஊரில் கிணறுகள் வீட்டுக்குப் பின்னால், பெண்கள் குளிக்கும் மறைப்புக்குப் பக்கத்தில் இருக்கும். மிஸ் முன்னால் போனால் நானும் பின்னால் போகலாம். ஆண்கள் வயலிலும் கடலிலும் இருக்கிற நேரத்தில் தனி ஆம்பிளை ஒருவன் வாளியோடு வளவுக்குள் போய்க் கிணற்றடியில் நிற்கிறது அங்கே நடக்கிற காரியம் இல்லை. முதல் வீட்டில் வேலிப் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வந்த பெண் ஈரத் தலையோடு பாதி மறைந்து நின்றார். போத்தலை நீட்டி, "அக்கா, உங்கட கிணத்துத் தண்ணியை இதில நிரப்பித் தாங்கோ" என்றேன். வாங்கிக்கொண்டு போனார், நிரப்பிக்கொண்டு வந்தார். சுகமாக இருந்தது. முழங்காலும் நொந்துகொண்டிருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐந்து வீட்டில் ஆண்கள் இருந்தார்கள். அங்கே மட்டும் உள்ளே போய் நானே அள்ளினேன். மிச்சப் பத்தொன்பது வீட்டிலும் படலையில்தான் நின்றேன். ஒவ்வொரு படிவத்திலும் மிஸ்ஸின் கையெழுத்துக்கு மேலே நேரத்தை எழுதினேன். மாலையில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்: "எல்லாம் முடிஞ்சுது மிஸ்."

"கையால அள்ளினீங்களோ?"

"ஓம்."

அந்த "ஓம்" தான் நான் சொன்ன பொய். அதற்குப் பிறகு இன்னொரு பொய் சொல்ல அவசியம் வரவில்லை.

மூன்று வாரத்தில் முடிவுகள் வந்தன. மிஸ் என்னை அலுவலகத்துக்கு வெளியே மரத்தடிக்குக் கூப்பிட்டு, தாளை மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரித்தார். கோபமாக இல்லை, முகத்தில் இரத்தம் இல்லை.

"அண்ணன், இதில பத்தொன்பது போத்தலில ஒரே தண்ணி."

"ஒரே ஊர்த் தண்ணிதானே மிஸ்."

"இல்ல. பக்கத்துப் பக்கத்துக் கிணறெண்டாலும் தண்ணி ஒரே மாதிரி வராது. இது பவுசர் தண்ணி. எப்பிடி வந்தது?"

நான் சொன்னேன். படலை, ஈரத் தலை, முழங்கால் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் மிஸ், "நான்தான் வெறும் தாளில கையெழுத்து வெச்சனான்" என்றார்.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் திட்ட அதிகாரியின் அறைக்குப் போனோம். நான்தான் செய்தது என்று முதலில் நானே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இவர் இதில எங்க வாறார்? படிவத்தில இருக்கிறது உங்கட கையெழுத்து. 'நானே சேகரித்தேன்' எண்டு கிடக்கு."

"ஓம் சேர். பிழைதான். ஒரு கிழமை தாங்கோ, திருப்பி எடுக்கிறன். செலவும் நான் பாக்கிறன்."

"மிஸ், ஒரு பைப்பைத் திறந்துவிட்டு வரிசையா நிரப்பினாலும் இப்பிடித்தான் வரும். உதவி தந்த ஆக்கள் அப்பிடித்தான் நினைப்பினம். அந்த ஊர்க் கணக்கை நான் இனி அனுப்பேலாது. மற்ற ஊரைப் போட்டாச்சு."

மிஸ் அரை மணித்தியாலம் கதைத்தார். நிலத்தடிக் கருவியின் எண்களைக் காட்டினார், நான் கையால் அள்ளிய ஐந்து போத்தலின் முடிவைக் காட்டினார். அந்த ஐந்தும் மிக மோசம். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீங்கள் சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா இப்ப அதை ஆரும் நம்பத் தேவையில்ல" என்றார். நிலையம் மற்ற ஊருக்குப் போனது. அங்கேயும் தாகமுள்ள ஆட்கள்தான் இருக்கிறார்கள். அதை நினைத்து ஆறுதல்பட முயன்றேன், முடியவில்லை.

மிஸ் தன் கைக்காசில் எல்லாக் கிணறுகளையும் திருப்பி எடுத்தார். இந்த முறை அவர் முன்னால், நான் வாளியோடு பின்னால். முடிவு வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் ஒரு தாள் எழுதிக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்றேன்.

"குடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் ஏன் மிஸ் போய்ச் சொல்லுவான்?"

"மீன்காரர் கேட்டவைதானே, திங்கலாமோ கூடாதோ எண்டு. இப்ப என்னட்ட மறுமொழி இருக்கு. சொல்லாமல் விடேலாது."

வீடு வீடாகச் சொன்னோம். சிலர் தாளை வாங்கி மடித்து வைத்தார்கள். சிலர் ஏன் போத்தலில் பவுசர் தண்ணீரை ஊற்றினார்கள் என்று தாங்களாகவே சொன்னார்கள். ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்தது: "எங்கட வீட்டு இலக்கம் போட்டுக் கொழும்புப் பக்கம் போற போத்தலில ஊத்தைத் தண்ணியை அனுப்பச் சொல்றீங்களோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பாங்கள்?" பத்தொன்பது பெண்கள், ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே, வீட்டிலிருந்த நல்ல தண்ணீரை எடுத்து ஊற்றியிருக்கிறார்கள்.

கடைசி வீட்டில் அக்கா முற்றத்துக் கதிரையில் எங்களை இருத்தினார். மிஸ் தாளை வாசித்தார். நிலையம் வரப் போவதில்லை என்பதையும், ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எங்கள் இரண்டு பேரின் பிழையையும் சொன்னார். புருஷன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அந்தக் கேன் தண்ணிதான் ஊத்தினனான் பிள்ள. அவருக்கு வெச்சிருந்தது. போத்தல் கொஞ்சம் பெரிசு, நிரப்பக் கேன் முடிஞ்சு போச்சு. பவுசர் வர மூண்டு நாள் கிடந்தது. அந்த மூண்டு நாளும் அவர் கிணத்துத் தண்ணிதான் குடிச்சவர்."

மிஸ் தாளை மடித்தார்.

"அப்ப இனி என்னத்தைக் குடிக்கிறது?" என்று அக்கா கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. படித்த பிள்ளை, தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

"பவுசர் தண்ணியை வீட்டு ஆக்கள் மட்டும் குடியுங்கோ அக்கா. ஆர் வந்தாலும் குடுக்காதீங்கோ. நாங்கள் வந்தாலும்."

"அதெப்பிடிப் பிள்ள குடுக்காம விடுறது?"

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து மிஸ் சொன்னார், பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டிலும் சேர்த்து ஆறு வருடம் படித்ததில் அந்தக் கேள்விக்கு மறுமொழி எங்கும் இருக்கவில்லை என்று. நான் தலையைத் திருப்பவில்லை.

அவருடைய ஒப்பந்தத்தை அலுவலகம் நீடிக்கவில்லை. அவர் ஒரு வருடம் மாவட்டக் கச்சேரிக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் அந்த ஊருக்காக எழுதிக்கொண்டிருந்தார். சிலர் பதில் போட்டார்கள். முன்பு ஒரு தரம் அந்த ஊர் முடிவில் குழப்பம் வந்ததாமே என்று கேட்டார்கள். பிறகு வெளிநாட்டில் தெரு போடும் கம்பனி ஒன்றில் மண் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டார். புறப்படுமுன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவின் புருஷன் அந்த மாரிக்கு முன்னமே செத்துப் போனார். தண்ணீரால் செத்தாரா, வருத்தம் முற்றிச் செத்தாரா என்று எவருக்கும் தெரியாது. நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை. மன்னாருக்குப் போய் மேசன் ஒருவருக்கு உதவியாளாக நின்றேன்.

போன வருடம் திரும்பி வந்தபோது இன்னொரு நிறுவனம் அதே பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்திருந்தது. வாகனம் ஓட்டவும் வழி காட்டவும் ஆள் தேடினார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒருவேளை இந்த முறை சரி வரலாம் என்று ஏறினேன்.

ஊருக்குள் எங்களைக் கண்டதும் படலைகள் சாத்தப்பட்டன. எனக்குக் காரணம் விளங்க அரை நாள் ஆனது. மிஸ் எழுதிக் கொடுத்த தாள்களின் கதை அயல் ஊர்களுக்குப் போயிருந்தது. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் போகும் என்று சொல்லி, பேசிய மூன்று கலியாணம் நின்று போயிருந்தது. அதில் ஒன்று அக்காவின் மகளுடையது. தாள்களை அடுப்பில் போட்டுவிட்டார்கள். தங்கள் தண்ணீரைப் பற்றி இனி எவரும் எதுவும் எழுதக் கூடாது என்று பெண்கள் கூடித் தீர்மானித்திருந்தார்கள்.

கடைசி வீட்டுக்கும் போனேன். அக்கா படலையைத் திறக்காமல் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். தலை நரைத்திருந்தது.

"சுகமோ தம்பி?"

"ஓம் அக்கா. இந்த முறை உண்மையாவே தருவினம். கூடாத தண்ணி எண்டால்தான் தருவினம். ஒளிக்காமச் சொல்றன். கிணத்தில ஒரு வாளி அள்ள விடுங்கோ, காணும்."

பின்னால் கிணற்றடியில் மகள் குளித்துக்கொண்டிருந்தாள் போல. வாளி விழுந்து தண்ணீர் எழும்பும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. அக்காவும் கேட்டார். நான் கேட்டதையும் கண்டார்.

"எங்கட வீட்டில கிணறு இல்ல தம்பி" என்றார்.

புதிய குழுவில் வந்திருந்த இளைஞர் படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் அக்கா சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.